வரி ஏறினால் பேனலின் செயல்திறன் இறங்குமா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இது: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்கா கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பும் வீடும். வீட்டு மாடியில் 10 கிலோவாட் சோலார் போட உத்தேசம். கோயம்புத்தூர் வியாபாரி வெளிநாட்டு செல் உள்ள பேனலை மலிவாகத் தருகிறேன் என்கிறார். பாலக்காட்டில் கொட்டேஷன் கொடுத்தவர் டிசிஆர் பேனல்தான் (செல்லும் இந்தியாவிலேயே செய்தது) போட வேண்டும் என்கிறார். அது விலை கூட. இறக்குமதி வரி, சீன ஏற்றுமதி விதி என்று செய்தியில் வருவதெல்லாம் நம் மாடியில் கிடைக்கும் யூனிட்டைப் பாதிக்குமா, விலையை மட்டுமா?

விலையைப் பாதிப்பது நேரடியாக. யூனிட்டைப் பாதிப்பது சுற்றுவழியில். அந்தச் சுற்றுவழியை யாரும் கொட்டேஷனில் எழுதித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் செயல்திறன் என்ற சதவீதத்தைப் பற்றி. 10 கிலோவாட் என்றால் எந்தப் பேனலானாலும் 10 கிலோவாட்தான். 17 சதவீதப் பேனலில் 10 கிலோவாட் போட்டாலும், 22.5 சதவீதப் பேனலில் 10 கிலோவாட் போட்டாலும் வருகிற யூனிட் ஏறத்தாழ ஒன்றே. மாறுவது பிடிக்கும் இடம். பழைய 72 செல் பாலி (பல்படிகச் சிலிக்கான்) பேனல் 330 வாட், பரப்பு 1.94 சதுர மீட்டர். 10 கிலோவாட்டுக்கு 30 பேனலும் 58 சதுர மீட்டரும் வேண்டும். 540 வாட் மோனோ பெர்க் (ஒற்றைப் படிகச் சிலிக்கான் வகை) பேனல் 2.58 சதுர மீட்டர், 20.9 சதவீதம், 19 பேனல் போதும். அதே அளவில் வரும் 580 வாட் டாப்கான் (பெர்க்குக்கு அடுத்த தலைமுறை) 22.5 சதவீதம், 17 பேனலில் 9.86 கிலோவாட், 18 பேனலில் 10.44 கிலோவாட். மாடியில் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, தென்னை நிழல் எல்லாம் போக இடம் குறுகியிருந்தால் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பு உண்டு. தோப்பில் வெட்டவெளி இருந்தால் அதிக சதவீதத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

யூனிட்டில் உண்மையாகவே வித்தியாசம் காட்டுவது வெப்பக் கெழு. 25 டிகிரிக்கு மேல் செல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் பாலியில் சுமார் 0.41 சதவீதமும், பெர்க்கில் 0.35 சதவீதமும், டாப்கானில் 0.30 சதவீதமும் குறையும். சித்தூர் தாலுக்காவின் மார்ச், ஏப்ரல் மதியத்தில் செல் 65 டிகிரியைத் தொட்டால் இழப்பு முறையே 16.4, 14, 12 சதவீதம். பெர்க்கை விட டாப்கான் அந்த நேரத்தில் இரண்டு சதவீதம் கூடத் தரும், அவ்வளவுதான். இத்துடன் பெர்க்கில் முதல் வருடத் தேய்மானம் வழக்கமாக 2 சதவீதம், டாப்கானில் 1 சதவீதம் என்று உத்தரவாதப் பத்திரங்கள் சொல்லும். இருபது வருடக் கணக்கில் இது சேரும். ஒரு மாதக் கரண்ட் பில்லில் தெரியாது.

இனி வர்த்தகம். எந்தத் தொழில்நுட்பம் எந்த நாட்டுக்கு எப்போது போய்ச் சேர்கிறது என்பதை முடிவு செய்வது ஆய்வுக்கூடம் மட்டுமில்லை. 2015-இல் சீனா ‘டாப் ரன்னர்’ திட்டத்தைக் கொண்டுவந்து, அதில் சேரும் பேனலுக்குக் குறைந்தபட்சச் செயல்திறன் வைத்தது: மோனோ 17, பாலி 16.5 சதவீதம். வரம்பு வைக்கிற சந்தைக்கு நல்ல சரக்கு போகும். மிச்சம் வரம்பில்லாத சந்தைக்குப் போகும். அப்போது இந்தியாவில் அப்படி ஒரு வரம்பு இல்லை, விலை மட்டுமே பேசியது. 2018 மே 31 அன்று சீனா உள்நாட்டு மானியத்தைத் திடீரென்று வெட்டியதும் விற்காத சரக்கு உலகெங்கும் கொட்டியது. அந்த ஜூலை கடைசியில் இந்தியா 25 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டது; அது படிப்படியாக இறங்கி 2021 ஜூலையில் முடிந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் பேனலுக்கு 40, செல்லுக்கு 25 சதவீத அடிப்படைச் சுங்கவரி வந்தது. நடுவில் இருந்த எட்டு மாதம் வரியில்லாத இடைவெளி. அந்த எட்டு மாதத்தில் பெரிய நிறுவனங்கள் குடோன் நிறைய வாங்கி அடுக்கின.

இந்த மாதிரி இடைவெளிகளுக்கும் உங்கள் மாடிக்கும் சம்பந்தம் உண்டு. வரி ஏறுவதற்கு முன் வாங்கி அடுக்கிய சரக்கு, ஏறிய பிறகு பல மாதம் கழித்துத்தான் சில்லறையில் இறங்கும். அதற்குள் உலகம் அடுத்த தலைமுறைக்குப் போயிருக்கும். பல உத்தரவாதப் பத்திரங்களில் காலம் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய சில மாதங்களிலேயே ஓடத் தொடங்கிவிடும். ஆகவே பேனலின் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். ஒரு வருடம் பழைய சரக்கானால் மின்சாரம் தருவதில் குற்றம் சொல்ல முடியாது. விலையில் குறைத்துக் கேட்கலாம்.

பின்னால் இந்தியாவும் வரம்பு வைத்தது. அங்கீகரிக்கப்பட்ட மாடல்களின் பட்டியலான ஏஎல்எம்எம், 2024 ஏப்ரல் 1 முதல் மறுபடி நடைமுறைக்கு வந்தது. கூரைக்கும் சோலார் பம்புக்கும் படிகச் சிலிக்கான் பேனல் 19.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. வெறும் வரி தராத பலனை இது தந்தது. வரி விலையை ஏற்றும், விலை ஏறினால் வாங்குகிறவர் மலிவான ரகத்தைத் தேடுவார், செயல்திறன் இறங்கும். வரம்பு இருந்தால் அந்தச் சறுக்கலுக்கு ஒரு தரை கிடைக்கிறது. வரியை மட்டும் பார்த்துத் திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் இந்த வித்தியாசத்தைப் பேசுவதில்லை.

பேனலின் உருவத்தையே கப்பல் சரக்கு தீர்மானித்த கதை இன்னும் சுவையானது. சரக்குக் கட்டணம் வாட்டுக்கு இல்லை, கண்டெய்னருக்கு. 40 அடி நீளமுள்ள, உயரம் கூடிய ‘ஹை கியூப்’ கண்டெய்னரின் கதவு உயரம் சுமார் 2.58 மீட்டர். 1134 மில்லிமீட்டர் அகலப் பேனலைப் படுக்கைவாட்டில் நிமிர்த்தி இரண்டு அடுக்கு வைத்தால் 2268 மில்லிமீட்டர்; மரப்பலகைக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் இடம் சரியாக மிஞ்சும். இன்று கடையில் பெரும்பாலான பேனலின் அகலம் 1134 என்று இருப்பதற்கு இதுவே காரணம். பழைய 330 வாட் பேனல் ஒரு கண்டெய்னரில் ஏறத்தாழ 600, அதாவது 200 கிலோவாட். புதிய அளவில் 620 பேனல். 540 வாட் என்றால் 335 கிலோவாட், 580 என்றால் 360 கிலோவாட். கப்பல் கட்டணம் எகிறிய 2021-இல் பெரிய, திறன் கூடிய பேனல்கள் வேகமாகச் சந்தையைப் பிடித்ததில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

ஆனால் 600 பேனல் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய 620 பேனல் எப்படி ஏறியது? பேனலைச் சுற்றியுள்ள சட்டம் (ஃபிரேம்) மெலிந்தது. 40 மில்லிமீட்டர் அலுமினியச் சட்டம் 35 ஆகி, 30 ஆகிவிட்டது. பாலக்காட்டுக் கணவாயில் இருப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பேனல் பரப்பு 1.94-லிருந்து 2.58 சதுர மீட்டர் ஆனதால் காற்று தூக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடியது. அதைத் தாங்க வேண்டிய சட்டமோ மெலிந்துவிட்டது. தகவல் தாளில் 2400 பாஸ்கல் என்று போட்டிருப்பது சோதனைச் சுமை. அதை 1.5-ஆல் வகுத்தால் வரும் 1600 பாஸ்கல்தான் வடிவமைப்புக்கு எடுக்கத் தக்கது. நம் பகுதிக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டடத் தரநூல் தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அதன் அழுத்தம் சுமார் 913 பாஸ்கல். மாடியின் மூலையிலும் விளிம்பிலும் உறிஞ்சு விசை இதைப்போல் இரு மடங்கு ஆகலாம், அதாவது 1800. நடு மாடியில் தாங்கும் பேனல் மூலையில் தாங்காது என்று அர்த்தம்.

என்ன செய்யலாம்? விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளிப் போடச் சொல்லுங்கள். கிளாம்ப் எங்கே பிடிக்க வேண்டும் என்று அந்த மாடலின் கையேட்டில் படம் இருக்கும். பொதுவாக நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் நாலில் ஒரு பங்குக்கும் நடுவில் வரும். குறுக்குச் சட்டம் வேறு இடத்தில் ஓடுகிறது என்பதற்காக ஆட்கள் ஓரத்தில் கடித்துப் பிடித்துவிட்டுப் போவார்கள். ஆடி மாதக் காற்றில் கண்ணாடி நடுவில் தொய்ந்து தொய்ந்து செல்லில் கீறல் விழும். எம்8 போல்ட்டுக்கு முறுக்கு பெரும்பாலும் 16 முதல் 20 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச் கொண்டு. சட்டத்தின் உயரம் 30 என்றால் கிளாம்பும் 30-க்கானது வேண்டும். 35-க்கான கிளாம்பைப் போட்டு வாஷர் அடுக்கிச் சரிக்கட்டுவது சர்வசாதாரணம், அதை அனுமதிக்காதீர்கள்.

பின்பக்கமும் கண்ணாடி உள்ள பைஃபேஷியல் பேனல் பரவியதிலும் வர்த்தகத்தின் கை இருக்கிறது. அமெரிக்கா 2018-இல் போட்ட 30 சதவீத வரியிலிருந்து 2019 ஜூனில் பைஃபேஷியலுக்கு விலக்குக் கொடுத்தது. தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் சாய இது ஒரு உந்துதல். மாடியில் கம்பிச் சட்டம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, தளம் வெள்ளையடித்திருந்தால் பின்பக்கத்தால் சில சதவீதம் கூடுதலாக வரும். தகரக் கூரையில் ஒட்டிப் போட்டால் பலன் இல்லை, எடை மட்டும் 28-லிருந்து 32 கிலோ ஆகும்.

அடுத்தது இன்வெர்ட்டர். யூனிட் இழப்புக்கு நான் முதல் இடம் கொடுப்பது இதற்குத்தான். பேனலும் இன்வெர்ட்டரும் வெவ்வேறு வழியில், வெவ்வேறு வரியில், வெவ்வேறு ஆண்டு மாடலாக வந்து உங்கள் மாடியில்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றன. பழைய பாலி பேனலின் வேலை மின்னோட்டம் 8.8 ஆம்பியர். 580 வாட் பேனலில் சுமார் 13.5. குடோனில் தேங்கிய பழைய இன்வெர்ட்டரில் பேனல் வரிசையை இணைக்கும் ஒரு எம்பிபிடி உள்ளீட்டுக்கு வரம்பு 11 அல்லது 12.5 ஆம்பியர் என்றிருக்கும். வெயில் உச்சத்தில் மிச்ச ஆம்பியர் வெட்டப்படும். வரம்பு 12.5 என்றால் மதிய நேரத்தில் 7 சதவீதம் வரை போகும், 11 என்றால் அதைவிடக் கூட; காலையிலும் மாலையிலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கடினம்: ஆப்பில் வளைவின் தலை மட்டும் தட்டையாக இருக்கும், மேகம் என்று நினைத்துவிடுவோம். உள்ளீட்டு வரம்பு 15 ஆம்பியருக்கு மேலும், குறுக்குச்சுற்று வரம்பு 18-க்கு மேலும் உள்ளதைக் கேளுங்கள்.

பதினெட்டுப் பேனலையும் ஒரே ஸ்ட்ரிங்காக, அதாவது ஒரே தொடர் வரிசையாக, போடலாம். திறந்த சுற்று வோல்டேஜ் பேனல் ஒன்றுக்குச் சுமார் 52 என்றால் 936 வோல்ட். மார்கழிக் காலையில் 18 டிகிரி என்று கொண்டாலும் 955-க்குள் நிற்கும். 1100 வோல்ட் த்ரீ பேஸ் இன்வெர்ட்டருக்குப் பத்திரம். ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் கோடை மதியத்தில் வேலை வோல்டேஜ் 345-க்கு இறங்கும். ஓடும், ஆனால் இன்வெர்ட்டர் அதை ஏற்றிப் பிடிக்க வேண்டியிருப்பதால் அதன் சொந்தச் செயல்திறன் சற்றுக் குறையும். தென்னை நிழல் ஒரு பக்கம் மட்டும் விழுமானால் அதற்காகப் பிரிப்பது சரி.

இறக்குமதி இன்வெர்ட்டரில் இன்னொரு சங்கடம் நாட்டுக் குறியீடு. பெட்டியிலிருந்து வரும்போது வேறு நாட்டு கிரிட் அமைப்பில் இருக்கலாம். அதை இந்தியா என்று மாற்றாமல் போனால் நம் லைன் ஏற்ற இறக்கத்துக்கு அடிக்கடி டிரிப் ஆகும். 230-இல் 110 சதவீதம் 253 வோல்ட். அதைத் தாண்டினால் இன்வெர்ட்டர் விலகியே ஆக வேண்டும். தோட்டத்து வீடு டிரான்ஸ்ஃபார்மரின் கடைசிக் கம்பத்தில் இருந்தால், மதியம் வீட்டில் செலவு இல்லாத நேரத்தில் வோல்டேஜ் இதைத் தொடும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை தடித்த கேபிள் போடுவதும், செக்‌ஷன் ஆபீஸில் சொல்லி டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) பார்க்கச் சொல்வதும்தான் மருந்து. பேனலை மாற்றி இது தீராது.

கனெக்டர் சின்னச் சாமான், சேதம் பெரிது. எம்சி4 என்று எல்லாரும் சொல்வது பல தொழிற்சாலைகளின் ஒத்த வடிவங்கள். வேறு வேறு கம்பெனியின் ஆணும் பெண்ணும் மாட்டும், ‘கிளிக்’ என்றும் சொல்லும். உள்ளே தொடுபரப்பு சரியாக உட்காராது. சில வருடத்தில் சூடாகி உருகும். பேனலில் எந்த மேக் வருகிறதோ அதே மேக்கில் ஸ்ட்ரிங் கேபிளுக்கும் ஜோடி தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

உதிரி விஷயமும் வர்த்தகத்தின் வால்தான். 2017-இல் போட்ட 320, 330 வாட் ரகம் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. ஒன்று உடைந்தால் அதன் இடத்தில் 540 வாட் போட்டால் தொடரில் 8.8 ஆம்பியர்தான் ஓடும். அது தன் முழு 540 வாட்டைத் தராது, மற்றவற்றுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சட்டத்தில் உட்காராது. மின்னோட்டம் குறைந்த பழைய பேனலைத் தேடிப் போட்டால் மொத்த ஸ்ட்ரிங்கையும் அது தன் அளவுக்கு இழுத்துவிடும். பதினெட்டுக்கு ஒன்று கூடுதலாக இப்போதே வாங்கி வைத்துவிடுவது மேல்.

காற்றாலைக்கு வந்தால் இந்த உதிரிப் பிரச்சினை பல மடங்கு. கஞ்சிக்கோட்டில் 1995-இல் கேரள மின்வாரியம் நிறுவியவை 225 கிலோவாட் இயந்திரங்கள் ஒன்பது. அந்தத் தலைமுறை இயந்திரத்துக்கு கியர்பாக்ஸ் பேரிங் வெளியிலிருந்து வர வேண்டி, அது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காற்றுப் பருவத்தில் தாமதமானால் வருட உற்பத்தியில் பெரும்பகுதி போய்விடும். ஏட்டில் இயந்திரத்தின் செயல்திறன் அப்படியே இருக்கும். காற்றில் உள்ள ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த விசிறியும் எடுக்க முடியாது என்பதால் அங்கே லாபம் உயரத்திலும் விசிறி நீளத்திலும்தான். நிரந்தரக் காந்த ஜெனரேட்டர் உள்ள வகைக்கு 2025 ஏப்ரலில் சீனா, அந்தக் காந்தத்துக்கு வேண்டிய டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயமாக்கியது இடைஞ்சல். கியர்பாக்ஸ் வகைக்கு அந்தச் சார்பு குறைவு.

இப்போது உங்கள் முடிவு. கோயம்புத்தூர் வியாபாரி சொல்வது இரண்டில் எது என்று பிரித்துக் கேளுங்கள். பேனலே வெளிநாட்டில் செய்தது என்றால் விட்டுவிடுங்கள்; ஏஎல்எம்எம் பட்டியலில் இருப்பவை இந்தியத் தொழிற்சாலைகளே, பட்டியலில் இல்லாத மாடலுக்கு நெட் மீட்டர் (லைனுக்குத் தரும் யூனிட்டைப் பில்லில் கழிக்கும் மீட்டர்) கிடைக்காது. செல் மட்டும் வெளிநாடு, பேனல் கோத்தது இங்கே என்றால் அதுதான் டிசிஆர் அல்லாத ரகம். தரத்தில் அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. டிசிஆர் என்றால் செல்லும் இந்தியாவில் செய்தது. 2016-இல் உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா தோற்றது இந்த உள்நாட்டுச் செல் நிபந்தனைக்காகத்தான்; அதன் பிறகு அரசு மானியம் தருகிற திட்டங்களில் அந்த நிபந்தனை நிலைத்தது.

மானியம்தான் உங்கள் கணக்கு. மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் உச்சம் 78,000 ரூபாய், டிசிஆர் பேனலுக்கு மட்டும். 10.44 கிலோவாட்டுக்கு அதை வகுத்தால் வாட்டுக்கு ஏழரை ரூபாய். இரண்டு கொட்டேஷனிலும் பேனல் விலையை மட்டும் வாட்டுக்கு எடுத்துப் பாருங்கள். வரி சேர்த்து வித்தியாசம் ஏழரைக்குள் இருந்தால் டிசிஆர் லாபம், மேலே போனால் மற்றது. 3 கிலோவாட் மட்டும் போடுகிறவருக்கு அதே மானியம் வாட்டுக்கு 26 ரூபாய் ஆகும். அவர் யோசிக்கவே வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம். 12 என்று போட்ட பழைய கொட்டேஷன் வந்தால் திருப்பிக் கொடுங்கள். செல்லுக்கும் 2026 ஜூன் 1 முதல் தனிப் பட்டியல் என்று அரசு அறிவித்தது; அதற்குப் பின் முடியும் வேலைக்கு வெளிநாட்டு செல் சிக்கலாகும் என்பதால், வேலை முடியும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஆர்டரில் இவ்வளவும் இருக்கட்டும்: பேனலின் முழு மாடல் எண், தயாரிப்பு மாதம், சீரியல் எண் வாரியாகத் தொழிற்சாலைச் சோதனைத் தாள், ஐஎஸ் 14286 முத்திரை, செல் எந்த நாடு என்று காட்டும் ஆர்எஃப்ஐடி (பேனலில் ஒட்டியுள்ள மின்னணு அடையாளப் பட்டை), உத்தரவாதத்துக்கு இந்தியாவில் பதில் சொல்லும் நிறுவனத்தின் பெயர். வண்டி வாளையாறு தாண்டி வந்து இறக்கும்போது பலகையோடு நிமிர்ந்து நிற்கும் பேனலைப் படுக்க வைத்து அடுக்க விடாதீர்கள், தலையில் சுமந்து மாடி ஏற்ற விடாதீர்கள், பொருத்தும்போது மேலே ஏறி நிற்கவும் விடாதீர்கள். அந்த மூன்றிலும் விழும் நுண்கீறல் கண்ணுக்குத் தெரியாது; இரண்டு மூன்று வருடம் கழித்து அந்த ஸ்ட்ரிங்கின் ஆம்பியர் இறங்கும்போதுதான் தெரியும், அப்போது எந்த உத்தரவாதமும் அதை ஏற்காது.